குற்றத்தை ஒப்புக்கொண்டால் பாதித் தண்டனையா? வழக்குப் பேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்." குற்றவியல் நீதிமன்ற வாசலில் நிற்கும் குடும்பங்களின் காதில் அடிக்கடி விழும் ஆலோசனை இது. சொல்பவர் உறவினராக இருக்கலாம். லோக்காப்பில் பக்கத்தில் படுத்திருந்தவராகவும் இருக்கலாம். ஒப்புக்கொண்டால் எது முடியும், எது முடியாது, எது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் என்பதை விளக்கிச் சொல்ல அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்வதும், அதற்கு ஈடாக அரசுத் தரப்பு குற்றச்சாட்டையோ தண்டனையையோ குறைக்கச் சம்மதிப்பதும் வழக்குப் பேரம் எனப்படுகிறது. பேரம் என்றதும் தமிழில் நமக்குச் சந்தைதான் நினைவுக்கு வரும். மீன் கடையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் விலை ஓரளவு தெரியும், பிடிக்கவில்லை என்றால் நடையைக் கட்டலாம். இங்கே ஒரு தரப்புக்கு மட்டுமே விலை முழுதாகத் தெரியும். மறு தரப்பு எழுந்து போகவும் முடியாது. ஆகவே சொல் முழுதாகப் பொருந்தவில்லை என்றாலும், அரசுத் தரப்புக்கே இதில் மேல்கை என்பதை அது மறைப்பதில்லை.

மலேசியாவில் இந்த வழக்கம் நீண்டகாலமாகத் திரைமறைவில் இருந்தது. வழக்கறிஞர் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு மனு எழுதுவார். துணை அரசு வழக்கறிஞர் அதைப் பரிசீலித்துக் குற்றச்சாட்டை மாற்றுவார் அல்லது மறுப்பார். 2010-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது இதற்கு எழுத்து வடிவம் கிடைத்தது. 172சி முதலான பிரிவுகள் 2012 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய மனு முறையும் மறையவில்லை. இரண்டும் இன்று பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

சட்டம் வகுத்த வழி இது. விசாரணை கோரியவர், வழக்கு விசாரணை தொடங்குமுன் உரிய படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தண்டனையின் தன்மையை அறிந்தே அவர் கேட்கிறாரா என்று நீதிபதி தனியறையில் விசாரிப்பார். அவருக்கு வழக்கறிஞர் இல்லை என்றால், அந்த விசாரிப்பின்போது அரசு வழக்கறிஞரும் அறையில் இருக்கக் கூடாது. சொந்த விருப்பம்தான் என்று உறுதியான பிறகே இரு தரப்பும் பேசலாம். உடன்பாடு எழுத்தில் வந்து கையெழுத்தாக வேண்டும். உடன்பாடு கூடவில்லை என்றால் வழக்கு வேறொரு நீதிமன்றத்தில் தொடரும். விண்ணப்பத்தில் சொன்னவற்றை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. காகிதத்தில் பார்க்கும்போது கவனமாகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான்.

'பாதித் தண்டனை' என்ற பேச்சு இதிலிருந்துதான் பிறந்தது. தண்டனை குறித்த உடன்பாடு ஏற்பட்டால், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக்கு மேல் விதிக்கக் கூடாது என்கிறது 172டி பிரிவு. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பாதி என்பது அதிகபட்சத்தில் பாதி. தமக்குக் கிடைக்கவிருந்த தண்டனையில் பாதி அல்ல. எடுத்துக்காட்டாக, தண்டனைச் சட்டம் 379-ஆவது பிரிவின் கீழ் திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுச் சிறை. பாதி என்றால் மூன்றரை ஆண்டு. முதன்முறை சிறு பொருளைத் திருடிப் பிடிபட்டவருக்கு, எந்தப் பேரமும் இல்லாமலே அதைவிடக் குறைந்த தண்டனை கிடைக்கக்கூடும். அப்படிப்பட்டவர் இந்த 'பாதி'யை நம்பிக் கையெழுத்திட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

இன்னொன்று, குறைந்தபட்சத் தண்டனை நிர்ணயிக்கப்பட்ட குற்றங்களில் அதற்குக் கீழே நீதிமன்றம் இறங்க முடியாது. பாலியல் குற்றங்கள், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள் போன்றவற்றுக்கு இந்தப் பாதிச் சலுகையே இல்லை. கடுமையான குற்றம் சாட்டப்பட்டு, அதே வகைக் குற்றத்தில் முன்பே தண்டனை பெற்றவருக்கும் கிடையாது.

உயிரே பணயமாகும் இடம் போதைப்பொருள் வழக்குகள். 15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சாவுக்கு உடைமையாளர் என்று நிரூபணமானால், அவர் கடத்தல்காரர் என்றே 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கான 39பி பிரிவில் மரண தண்டனை நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2018 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தமும், 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்த கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டமும் நீதிபதிக்கு விருப்புரிமை தந்தன. ஆனால் தூக்குக்கயிறு சட்டத்திலிருந்து முற்றாக நீங்கவில்லை. இத்தகைய வழக்குகளில் குற்றச்சாட்டை 39ஏ(2), அதாவது வைத்திருந்த குற்றமாகக் குறைக்கக் கேட்பது வழக்கறிஞர்களின் நெடுநாள் வழக்கம். அதன் தண்டனை ஆயுள் சிறை அல்லது குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. கூடவே குறைந்தது 10 பிரம்படி.

மகன் உயிரோடு திரும்புவான் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பார்? பேரத்தின் மிகப் பெரிய நன்மை இதுதான். இதை யாரும் லேசாகப் பேச முடியாது. அதன் மிகப் பெரிய ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பையில் என்ன இருந்தது என்றே அறியாத ஒருவர் முன்னால் இரண்டு வழிகள். விசாரணைக்குப் போனால் விடுதலை கிடைக்கலாம், மரண தண்டனையும் கிடைக்கலாம். ஒப்புக்கொண்டால் சிறை உறுதி, உயிர் தப்பும். குற்றமற்றவரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைப் புரிந்துகொள்ள சட்டப் படிப்பு தேவையில்லை.

அமெரிக்காவில் இந்த அச்சுறுத்தலை உச்ச நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது. கென்டக்கியில் 88 டாலர் 30 காசுக்கான போலிக் காசோலை வழக்கில் ஹேய்ஸ் என்பவரிடம், ஒப்புக்கொண்டால் ஐந்தாண்டு, மறுத்தால் தொடர் குற்றவாளிச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்றார் அரசு வழக்கறிஞர். அவர் மறுத்தார், ஆயுள் தண்டனை பெற்றார். அது அரசமைப்புக்கு விரோதமல்ல என்று 1978-இல் தீர்ப்பானது. அங்கே கூட்டரசுக் குற்றத் தீர்ப்புகளில் 97 விழுக்காடு விசாரணையின்றி ஒப்புதலிலேயே முடிவதாக 2012-இல் அதே நீதிமன்றம் குறிப்பிட்டது.

சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. அங்கே 2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டி, எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தொடக்கத்திலேயே என்றால் 30 விழுக்காடு வரை. விசாரணை தொடங்கிய பின் என்றால் 5 விழுக்காடு வரை மட்டுமே. விதிக்கப்படவிருந்த தண்டனையிலிருந்தே கழிவு கணக்கிடப்படுகிறது. மலேசியாவின் 'அதிகபட்சத்தில் பாதி'யைவிட இது நேர்மையான கணக்கு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நன்மைகள் வேறும் உண்டு. ஜாமீன் கட்ட வழியின்றிச் சிறையில் காத்திருப்பவருக்கு வழக்கு விரைந்து முடிவது பெரிய விடுதலை. பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இழப்பீட்டுக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். மறுபுறம், விசாரணை நடக்காதபோது காவல்துறையின் புலனாய்வில் இருந்த ஓட்டைகளும் குறுக்கு விசாரணையைச் சந்திக்காமல் போய்விடுகின்றன.

மனு முறையில் வெளிச்சம் இன்னும் குறைவு. 1எம்டிபி தொடர்பான 24 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் பணமோசடிக் குற்றச்சாட்டுகளிலிருந்து ரிஸா அசிஸ் 2020 மே மாதம் விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்புப் பெற்றது நினைவிருக்கலாம். சொத்துகளைத் திருப்பித் தரும் உடன்பாட்டின் பேரில் அது நடந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அது 172சி பேரமும் அல்ல. வழக்கைத் தொடரவும் நிறுத்தவும் அரசமைப்பின் 145(3) பிரிவு சட்டத்துறைத் தலைவருக்குத் தரும் அதிகாரத்தின் வழியே சென்ற உடன்பாடு. சிறு திருட்டு வழக்கில் சிக்கிய தோட்டப்புறத்து இளைஞருக்கு அப்படியொரு மேசை கிடைக்குமா என்று மக்கள் கேட்டதில் தவறில்லை.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. கைதானவர் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளும் உரிமையை 28ஏ பிரிவு தருகிறது. வசதியற்ற குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. மலாய் சரளமாகப் புரியவில்லை என்றால், குற்றச்சாட்டைத் தமிழில் விளக்கும்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்புக்கொண்ட பிறகு தண்டனையின் அளவையும் சட்டத்தகுதியையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். தீர்ப்பை எதிர்த்து முடியாது. குற்றப் பதிவும் நிற்கும், பின்னாளில் வேலை தேடும்போது அது குறுக்கே வரும்.

ஒப்புதலுக்குப் பின் வழக்கின் விவரங்கள் மன்றத்தில் வாசிக்கப்படும். அதில் உள்ளது நடந்ததற்கு மாறாக இருந்தால் அந்த நொடியிலேயே "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். முக்கிய விவரத்தை மறுத்தால் நீதிமன்றம் ஒப்புதலை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்பும்.