ஒரே பூச்சி, ரெண்டு முகம்: பாலைவன வெட்டுக்கிளியின் கதை

2019 செப்டம்பர்ல ‘காப்பான்’ படம் வந்துச்சு. டெல்டா வயல்கள் மேல வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்குற சீன் ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷம் மே மாசம், லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தப்ப, ஜெய்ப்பூர் மொட்டை மாடிகளுக்கு மேல நிஜமாவே அப்படி ஒரு கூட்டம் பறந்தது. உடனே அந்தப் பட கிளிப் எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்த ஆரம்பிச்சது. கிருஷ்ணகிரி பக்கம் எருக்கஞ்செடியில உட்கார்ந்திருந்த உள்ளூர் வெட்டுக்கிளிகளைப் பார்த்துகூட ஜனங்க பயந்தாங்க. அதிகாரிங்க வந்து பார்த்து, “இது அது இல்லை”ன்னு சொல்ல வேண்டியதாச்சு.

சரி, ‘அது’ன்னா எது? எங்கிருந்து வருது? வராத வருஷங்கள்ல எங்க இருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்க மனுஷனுக்குப் பல ஆயிரம் வருஷம் ஆயிருக்கு. பைபிளோட யாத்திராகமத்துல எகிப்து மேல வர்ற எட்டாவது வாதையே வெட்டுக்கிளிதான். கூட்டம் வரும், பச்சையா இருக்குற எல்லாத்தையும் தின்னும், ஒருநாள் காணாமப் போயிடும். அப்புறம் பல வருஷம் சத்தமே இருக்காது.

இந்தப் புதிரை உடைச்சவர் போரிஸ் உவரோவ். ரஷ்யப் பேரரசுல பிறந்து, 1920ல லண்டனுக்கு வேலைக்கு வந்த பூச்சியியல் ஆய்வாளர். கூட்டமாப் பறக்குற ஒரு வெட்டுக்கிளி, தனியா வாழுற இன்னொரு வெட்டுக்கிளி, ரெண்டையும் அதுவரைக்கும் வேற வேற இனம்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு 1921ல உவரோவ் எழுதினார். அதாவது, கூட்டம் எங்கயும் காணாமப் போகல. நம்ம கண்ணு முன்னாடியே வேற உருவத்துல இருந்திருக்கு! அவர் முதல்ல ஆராய்ஞ்சது வேற ஒரு வகை வெட்டுக்கிளியை. ஆனா பாலைவன வெட்டுக்கிளிக்கும் இதே கதைதான்னு சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு.

இதோட ‘அமைதி முகம்’ ரொம்ப சாது. மணல் நிறம், கூச்ச சுபாவம், ராத்திரியில மட்டும் தனியாப் பறக்கும். இன்னொரு வெட்டுக்கிளி வந்தா விலகிப் போகும். மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து நம்ம தார் பாலைவனம் வரைக்கும், கிட்டத்தட்ட 1.6 கோடி சதுர கிலோமீட்டர் வறண்ட நிலத்துல இப்படித்தான் சிதறி வாழுது.

பாலைவனத்துல மழை எப்போ வரும், எங்க பெய்யும்னு சொல்லவே முடியாது. அதனால அங்க வாழுற உயிர்கள் ரெண்டு விஷயத்துல கெட்டி. ஒண்ணு, காத்திருக்குறது. இன்னொண்ணு, மழை வந்துட்டா வேகமாப் பெருகுறது. ஈரமான மணலுக்குள்ள வெட்டுக்கிளி முட்டை போடும். நிலைமை சாதகமா இருந்தா மூணு மாசத்துல எண்ணிக்கை 20 மடங்கு. அடுத்த மூணு மாசத்துல 400 மடங்கு. ஒன்பதாவது மாசம் 8,000 மடங்கு. கணக்கு அவ்வளவு கொடூரமா ஏறுது.

ஆபத்து மழையில இல்ல, மழைக்கு அப்புறம் வர்ற வறட்சியிலதான் இருக்கு. பச்சை காய்ஞ்சு அங்கங்க திட்டுத் திட்டா சுருங்கும்போது, எல்லா வெட்டுக்கிளியும் அந்தத் திட்டுகள்ல வந்து நெருக்கியடிக்கும். ஒண்ணோட பின்னங்கால் மேல இன்னொண்ணு உரசிக்கிட்டே இருந்தா, சில மணி நேரத்துல அதோட குணமே மாறிடும். உடம்புல செரடோனின் ஏறுறதுதான் காரணம்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. ஆமா, நம்ம மூட் பத்திப் பேசும்போது அடிபடுற அதே செரடோனின்! விலகி ஓடினது இப்போ தேடிப் போய் ஒட்டிக்குது. அடுத்தடுத்து நிறமும் மாறும், பகல்ல பறக்க ஆரம்பிக்கும். இறக்கை முளைக்காத குட்டிங்க வரிசையா அணிவகுத்துப் போறதைப் பார்த்தா ஒற்றுமை மாதிரி தெரியும். நிஜத்துல, பின்னாடி வர்றது கடிச்சுத் தின்னுடும்ங்கிறதும் அதுங்க முன்னாடி நகர ஒரு காரணம்.

ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்துல 4 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கலாம். ஒரு நாளைக்கு 35,000 பேர் சாப்பிடுற அளவுக்குத் தின்னும்.

உவரோவ் சொன்னது உண்மைன்னா, சண்டை போட வேண்டிய இடம் வயல் இல்ல, பாலைவனம். அதுவும் எதுவுமே நடக்காத மாதிரி தெரியுற நேரத்துல. இந்தியாவுல 1926லிருந்து 1931 வரை வந்த படையெடுப்புல சுமார் 10 கோடி ரூபாய் பயிர் நாசமாச்சு, அந்தக் காலத்து 10 கோடி. அதுக்கப்புறம் சிந்து, பலுசிஸ்தான், ராஜஸ்தான் மணல்ல வெட்டுக்கிளியைத் தேடி அலைஞ்ச ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினவர் ஒய். ராமச்சந்திர ராவ். நம்ம கோயம்புத்தூர்ல அரசுப் பூச்சியியலாளரா இருந்தவர். அவரைப் பத்தி நம்ம யாரும் பேசுறதே இல்ல. 1939ல வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு உருவாச்சு. அன்னிக்கு அது கராச்சியிலயும் இயங்குச்சு. பிரிவினைக்கு அப்புறம் ரெண்டு நாடும் தனித்தனியாப் பார்க்க ஆரம்பிச்சது. ஆனா பூச்சிக்கு எல்லைக்கோடு தெரியாதே! அதனால 1977லிருந்து, ராஜஸ்தான் எல்லையில இருக்குற முனாபாவ்லயும் அந்தப் பக்கம் கோக்ராபார்லயும் ரெண்டு நாட்டு வெட்டுக்கிளி அதிகாரிகளும் சந்திச்சுத் தகவல் பரிமாறிக்க ஆரம்பிச்சாங்க.

அப்போ 2020ல எங்க கோட்டை விட்டோம்? 2018 மே மாசம் மெக்குனு புயல் அரேபியாவோட ரூப் அல் காலி மணற்குன்றுகளுக்கு நடுவுல ஏரிகளையே உண்டாக்கிடுச்சு. பச்சை காயுறதுக்குள்ள, அக்டோபர்ல லூபான் புயல். யாருமே போகாத அந்த மணல்ல மூணு தலைமுறை பெருகிடுச்சு. பெருகினது பரவின இடங்கள்ல ஒண்ணு ஏமன். அங்க உள்நாட்டுப் போர். பாலைவனத்தைச் சுத்திப் பார்த்து மருந்தடிக்க வேண்டிய வேலை தடுமாறிப்போச்சு. அடுத்து சோமாலியா, கென்யா, ஈரான், பாகிஸ்தான், கடைசியா ஜெய்ப்பூர். ஆரம்பத்துல கொஞ்ச இடத்துல அடிச்சிருந்தா போதும். கடைசியில ராஜஸ்தான், குஜராத்னு லட்சக்கணக்கான ஹெக்டேர்ல, டிரோன் வரைக்கும் வெச்சுப் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டி வந்தது. அந்த விஷம் வெட்டுக்கிளியோட நிக்காது. அதைத் தின்னுற பறவைங்க, தேனீன்னு பாலைவனத்துல மத்த உயிர்களையும் தொடும்.

அந்த வருஷம் கொரோனாவால எல்லையில உட்கார்ந்து பேச முடியல. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஏற்பாட்டுல ஆப்கானிஸ்தான், இந்தியா, ஈரான், பாகிஸ்தான் நாலு நாட்டு அதிகாரிகளும் வாரா வாரம் ஆன்லைன்ல பேசிக்கிட்டாங்க. அந்த ஜூன் மாசம்தான் கல்வான்ல சீனாவோட மோதல், பாகிஸ்தானோட தூதரக ஊழியர்களைப் பாதியாக் குறைக்கிற தகராறுன்னு செய்தியெல்லாம் சூடா ஓடிக்கிட்டிருந்தது. வெட்டுக்கிளி மீட்டிங் மட்டும் நிக்கல.