டிராக்டர் இன்ஜின் பிளாக் விரிசல்

சிலிண்டர்களையும் கிராங்க் தண்டையும் தாங்கும் வார்ப்பிரும்பு உடலே பிளாக். அதில் விரிசல் விட்டால் ஒட்டுவதா, மாற்றுவதா என்பதை விரிசலின் நீளத்தைவிட இடமே தீர்மானிக்கிறது.

குளிர்நாடுகளில் உள்ளிருக்கும் நீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் பருத்து, பிளாக்கைப் பிளக்கும். கரமனை ஆற்றங்கரை போன்ற வெப்பமான இடங்களில் அந்தக் கவலை இல்லை. இங்கே பகை சூடுதான். நீர் வற்றிக் கொதிக்கும் இன்ஜினில் அவசரமாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது விரிசலை விலைக்கு வாங்குவது போல.

ஆயில் பால்காப்பி நிறமானால் நீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போனாலும் இதே அறிகுறிதான் என்பதால், ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் பிளாக்கைப் பழிக்கக் கூடாது. நீர்வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து வெந்நீரில் முக்கினால், குமிழிகள் விரிசலைக் காட்டிக்கொடுக்கும்.

வெளிப்புற நீர்ச்சுவர் விரிசலைக் காப்பாற்றலாம். இரு முனையிலும் துளையிட்டு அது ஓடாமல் நிறுத்தி, நிக்கல் கம்பியால் சிறுசிறு துண்டாக வெல்டிங் செய்வார்கள். வார்ப்பிரும்பில் கரி மிகுதி. அதனால் வேகமாக ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். சூடே காட்டாமல் திருகாணிகளை அடுத்தடுத்து இறக்கித் 'தைப்பது' இதைவிட நம்பகமானது. சிலிண்டரின் உள்ளுறையான லைனரில் மட்டும் விரிசல் என்றால் லைனரை மாற்றினால் போதும்.

கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் இருக்கை வெடித்திருந்தால் ஒட்டு வீண். மேலும், பல டிராக்டர்களில் தனிச் சட்டகம் கிடையாது. முன் அச்சுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே பிளாக்கே பாரம் சுமக்கிறது. பாரம் தாங்கும் இடங்களில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

இன்ஜின் எண் பெரும்பாலும் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.