ஜெர்மன் நூல்களோடு வாழ்ந்த குருவானவர்

ஜூலியஸ் சார்ல்ஸ் ஹேர் 1795 செப்டம்பர் 13 அன்று வட இத்தாலியில் விச்சென்சா நகருக்கு அருகிலுள்ள வல்தாஞோவில் பிறந்தார். தந்தைவழிக் குடும்பம் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்து ஹர்ஸ்ட்மான்சோவைச் சேர்ந்தது. தாய் ஒரு பிஷப்பின் மகள். 1804-05 குளிர்காலத்தைப் பெற்றோருடன் வைமார் நகரில் கழித்த சிறுவன், அங்கே ஜெர்மன் கவிஞர்களான கெதேயையும் ஷில்லரையும் நேரில் கண்டான். ஜெர்மன் மொழி மீதான பற்று அங்கேதான் வேர்விட்டது. சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தங்கியிருந்த வார்ட்பர்க் கோட்டையையும் இளம் வயதிலேயே பார்த்தார். சாத்தான்மேல் லூத்தர் மைக்கூட்டை வீசியதாகச் சொல்லி அங்கே சுவரில் அன்று காட்டப்பட்ட கறை கடைசிவரை அவர் மனதை விட்டு அகலவில்லை.

சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும் பிறகு கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்த ஹேர், 1822 முதல் அக்கல்லூரியிலேயே கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பித்தார். பிற்காலத்தில் இறையியலாளராகப் புகழ்பெற்ற எஃப். டி. மாரிஸ் அவருடைய மாணவர். சோஃபக்ளீசின் ‘ஆன்டிகனி’யையும் பிளேட்டோவின் ‘கார்ஜியாஸ்’ உரையாடலையும் அவரிடம் பாடம் கேட்டதை மாரிஸ் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1826இல் ஹேர் குருப்பட்டம் பெற்றார். அக்கால இங்கிலாந்தில் ஜெர்மன் அறிவுலகம் என்றாலே திருச்சபையார் பலர் நாத்திகத்தின் நாற்றங்கால் என்று அஞ்சினர். அப்படியிருந்தும் அவரும் நண்பர் கானப் தர்ல்வாலும் ஜெர்மன் வரலாற்றாசிரியர் நீபூர் எழுதிய ரோம வரலாற்றின் முதல் இரு தொகுதிகளை மொழிபெயர்த்து 1828இலும் 1832இலும் வெளியிட்டனர். ரோமின் தொடக்ககாலக் கதைகளை நீபூர் அப்படியே வரலாறாக ஏற்கவில்லை. சான்றுகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். இந்த முறை நாளை வேதாகமத்தின் மீதும் பாயுமே என்பதுதான் எதிர்ப்பாளர்களின் உண்மையான கவலை. ‘குவார்ட்டர்லி ரிவியூ’ இதழ் நீபூரைத் தாக்கியதும், 1829இல் ஹேர் ஒரு தனி நூலே எழுதி மறுத்தார். உண்மையைத் தேடும் ஆராய்ச்சியால் விசுவாசத்துக்குக் கேடு வராது என்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை. இளம் குருவானவர் ஒருவர் அன்று அப்படி நிற்பதற்குப் பெரும் துணிச்சல் வேண்டும்.

1832இல் ஹர்ஸ்ட்மான்சோ சபை அவர் பொறுப்புக்கு வந்தது. 1840இல் லூயிஸ் வட்டாரத்தின் ஆர்ச்டீக்கன் ஆனார். அவருடைய நீண்ட பிரசங்கங்கள் கிராமத்து உழவர்களுக்கு எட்டாதவை. குருமனையிலோ திரும்பிய இடமெல்லாம் புத்தகம். சுவரே தெரியாதபடி அலமாரிகள், அவற்றில் பெரும்பகுதி ஜெர்மன் நூல்கள். பிரஷ்யத் தூதர் புன்சன் அங்கே நெருங்கிய நண்பராக வந்துபோனார். 1844இல் ஹேர் மாரிஸின் சகோதரி எஸ்தரை மணந்தார்.

1846இல் வெளியான ‘தேற்றரவாளனின் பணி’ என்ற பிரசங்க நூலைக் கவிஞர் கோல்ரிட்ஜின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அதன் பின்குறிப்புகளே ஒரு தனித் தொகுதியாயின. அவற்றுள் ஒன்று, இறையியலாளர் நியூமன், வரலாற்றாசிரியர் ஹாலம் முதலியோரின் கண்டனங்களுக்கு எதிராக லூத்தருக்காக வாதாடி இருநூறு பக்கங்களைத் தாண்டியது. லூத்தரின் சொற்களை எதிரிகள் எங்கெங்கே அரைகுறையாக எடுத்தாண்டார்கள் என்பதை மூல நூல்களை வைத்தே காட்டுகிறார். அவர் எழுதியவற்றுள் இன்றும் மதிப்புக் குறையாதது இதுதான்.

ஹேர் 1855 ஜனவரி 23 அன்று ஹர்ஸ்ட்மான்சோவில் காலமானார். லூத்தர் பற்றிய குறிப்பு தனி நூலாகவும் வெளிவந்தது. அவர் சேர்த்த புத்தகங்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தைச் சென்றடைந்தன.