மெதுவாக ஓடிய மாரியோ

பொறியியல் மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விடுதியில் இணையம் கொஞ்சம் வேகம் பிடிக்கும். வீடியோ கேம் இசையை ரசிகர்கள் கிட்டாரிலும் கீபோர்டிலும் மறுபடி வாசித்து இணையத்தில் போட்டிருப்பார்கள். அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்தி பத்தியாக விமர்சனம் எழுதுவேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு கிட்டாரில் ஒரு கார்டு கூட ஒழுங்காகப் பிடிக்க வராது. "ஏன்டா, நீ வாசிச்சு ஒண்ணு போடேன்" என்பான் அறைத்தோழன். அதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் நானில்லை.

ஒருநாள் சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்து இசையை ஒருவர் தனிக் கிட்டாரில் வாசித்திருந்தார். நான் நான்கு பத்தி எழுதினேன். சாரம் இதுதான்: வாசிப்பு சுத்தம், ஆனால் மூலத்தின் நிதானம் போய்விட்டது, எதற்கு இந்த அவசரம்? அவர் ஒரே வரியில் திருப்பிக் கேட்டார். உங்கள் நாட்டில் டிவி ஐம்பது ஹெர்ட்ஸா?

எனக்குப் புரியவில்லை. புரிய இரண்டு நாள் ஆனது. 1985-ல் கோஜி கோண்டோ அந்த இசையை அமைத்தது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். விளையாட்டின் நிரலும் அதற்குள் இருக்கிற இசை நிரலும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஓர் அடி எடுத்து வைக்கும். இந்தியாவில் இருந்தது பால் முறை, நொடிக்கு 50. என் அப்பா சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்த டிவி கேம், தைவான் நகல் சில்லு வைத்த பெட்டி. அது 60-க்கு எழுதப்பட்ட நிரலை 50-ல் ஓட்டியது. 60 நொடிப் பாட்டு எங்கள் வீட்டில் 72 நொடி ஓடியது. ஸ்வரங்களின் உயரத்தை முடிவு செய்வது சில்லின் கடிகாரம். அது ஏறக்குறைய அதே வேகம்தான். ஆகவே சுருதி அதே, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்துவிட்டது. என் மாரியோ மெதுவாகத்தான் ஓடினான். அவன் இயல்பே அப்படி என்று நினைத்திருந்தேன்.

தோண்டத் தோண்ட இன்னொன்றும் கிடைத்தது. ஃபேமிகாமில் ஐந்து ஒலித்தடங்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவு செய்த துணுக்குகளுக்கு ஒன்று. சதுர அலை எத்தனை நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். 25 சதவீதம் என்றால் மெலிந்து மூக்கால் பேசும், 50 என்றால் உள்ளே பொக்கையாக, கிளாரினெட் மாதிரி இருக்கும். நகல் சில்லுகள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. யாரோ ஒரு பொறியாளர் இரண்டு பிட்களைத் தலைகீழாக இணைத்துவிட்டார். அந்தத் தப்பு ஆசியா முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளின் காதுக்குள் போய்விட்டது. அதாவது, 'மூலம்' என்று நான் தூக்கிப் பிடித்ததே ஒரு ரீமிக்ஸ்.

கிட்டார்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஜன்னலை மூடிவிட்டேன். ஒரு வருடம் கழித்துப் போனபோது அவர் பக்கமே இல்லை. என் நான்கு பத்தியும் அதோடு போயிற்று என்பதில் ஓர் அற்ப நிம்மதி.

அதற்குப் பிறகுதான் இந்த மறுவாசிப்புகளின் வரலாற்றைக் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் உறைத்தது, கேம் இசையே மறுவாசிப்பாகத்தான் பாதி பிறந்திருக்கிறது என்பது. 1989-ல் கேம்பாயில் வந்த டெட்ரிஸின் புகழ்பெற்ற மெட்டு 'கொரோபெய்னிகி', பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் பாட்டு. வரிகள் கவிஞர் நெக்ராசோவ் 1861-ல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அதே விளையாட்டின் மூன்றாவது மெட்டு பாஹ்ஹின் பிரெஞ்சு ஸ்வீட் ஒன்றிலிருந்து. இரண்டையும் நான்கு தடங்களுக்குள் மடக்கியவர் ஹிரோகாஸு தனாகா. 1992-ல் அந்த ரஷ்ய மெட்டை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர், ஆமாம், மேடை இசை நாடகங்களின் அதே வெப்பர், 'டாக்டர் ஸ்பின்' என்ற புனைபெயரில் நடனப்பாட்டாக்கி பிரிட்டிஷ் தரவரிசையில் ஆறாம் இடம் வரை கொண்டுபோனார். நாட்டார் பாட்டின் மறுவாசிப்புக்கு மறுவாசிப்பு. கேட்கச் சகிக்காது.

பிரிட்டனில் காமடோர் 64 கணினியில் வேலை செய்த ராப் ஹப்பார்டின் கதையும் இப்படித்தான். 1985-ல் அவர் 'மான்டி ஆன் தி ரன்'னுக்கு அமைத்த இசைக்குத் தூண்டுதல் சார்ல்ஸ் வில்லியம்ஸின் 'டெவில்ஸ் காலப்' என்ற பழைய வாத்திய இசை. அந்தக் கணினியின் சிட் சில்லில் மூன்றே குரல்கள். மூன்று குரலில் மெட்டு, பேஸ், தாளம் எல்லாம் வேண்டும், அதற்குமேல் கார்டும் வேண்டும். என்ன செய்வது? ஒரே குரலைக் கார்டின் ஸ்வரங்கள் மீது நொடிக்கு ஐம்பது தாவல் வீதம் ஓடவிட்டார்கள். காது அதைக் கார்டாக எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒரு படபடப்போடு. இன்னொரு விஷயம், 1982-ல் வந்த சிட் சில்லின் முதல் வகையில் ஃபில்டர் அனலாக். தயாரிப்பு வேறுபாட்டால் சில்லுக்குச் சில்லு அதன் குரல் மாறும். இசையமைப்பாளர் வீட்டில் இருட்டாகக் கேட்டது உங்கள் வீட்டில் வெளிச்சமாகக் கேட்கும். சரி, இதில் எது மூலம்?

உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல ஏடுகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்த்த மாதிரிதான் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டு மாரியோ ஒரு பாடபேதம். பிழையான ஏடுதான், ஆனால் அதையும் ஒருவன் மனப்பாடம் செய்திருக்கிறான்.

இந்தத் துறையில் விமர்சனத்துக்கு என்று ஒரு நீதிமன்றமே உருவானது. 1999-ல் டேவிட் லாயிட் என்பவர் தொடங்கிய ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் தளம். ரசிகர்கள் அனுப்புவதை நடுவர்கள் கேட்டு, ஏற்கலாம் அல்லது வேண்டாம் என்று வாக்களித்து, காரணத்தையும் பொதுவில் எழுதி வைப்பார்கள். மூல மெட்டு அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் அப்படியே நகலெடுத்திருக்கக் கூடாது. கொஞ்சம் சந்தேகம் வந்தால் நடுவர்கள் நிமிடம், நொடி குறித்து, மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் மூலம் கேட்கிறதா என்று கணக்கே போடுவார்கள். அந்தத் தீர்ப்புகளை நான் வருடக்கணக்கில் படித்திருக்கிறேன். இன்று அலுவலகத்தில் கோட் ரிவ்யூ செய்யும்போது என்னிடமிருக்கும் கொஞ்சநஞ்ச பண்பும் அங்கே கற்றதுதான். சம்பளம் வாங்காத ஒருவர் ராத்திரிகளில் செய்த வேலைக்கு, சம்பளம் வாங்காத இன்னொருவர் "இரண்டாம் நிமிடத்தில் பேஸும் கிக் டிரம்மும் மோதுகின்றன" என்று எழுதுகிறார். இது சின்ன மரியாதை இல்லை. 2008-ல் வந்த தன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மறுபதிப்புக்கு இசை அமைக்க கேப்காம் இந்தக் கூட்டத்தையே கூப்பிட்டிருந்தது.

ஆனால் எனக்கு அவர்களோடு ஒரு பழைய சண்டை உண்டு. ஒலிப்பதிவின் மெருகையும் அவர்கள் தகுதியாக வைத்தார்கள். நல்ல ஒலித் தொகுப்புகள் விலை அதிகம். அறையில் ஒரு மைக்கை வைத்து வாசித்தவனுக்கு அது சுவர். ஸ்டாப்வாட்ச் கணக்கும் அப்படித்தான். மூலம் எத்தனை நொடி கேட்கிறது என்று அளந்துவிடலாம், வாசித்தவர் மூலத்தை எவ்வளவு காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பதை அதில் அளக்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்று இடங்களில் காது வைப்பேன். ஃபேமிகாமின் முக்கோண அலைக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் பேஸ் எப்போது நிற்கிறது என்பதே அந்த இசையின் தாளம். பேஸ் கிட்டாரில் ஸ்வரங்களை இழுத்து வாசித்தால் மெட்டு இருக்கும், துள்ளல் செத்துப்போகும். சிட் சில்லின் அந்தப் படபடக்கும் கார்டு இரண்டாவது. அதை வயலின் கூட்டத்திடம் நீண்ட கார்டாகக் கொடுத்தால் பதற்றம் போயிற்று, வீணைத் தந்தி மாதிரி ஓட்டினால் காமெடி. நல்லவர்கள் அந்தப் பதற்றத்தை வேறெங்காவது, ஹை-ஹாட்டிலோ கிட்டாரின் தேய்ப்பிலோ, கொண்டுபோய் வைப்பார்கள். மூன்றாவது, முடிவு. கேம் இசைக்கு முடிவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கும். நூறாவது சுற்றிலும் சலிக்கக் கூடாது என்றே கோண்டோ போன்றவர்கள் அதைக் கட்டினார்கள். மறுவாசிப்பு மட்டும் நாலாவது நிமிடத்தில் எங்காவது இறங்கியாக வேண்டும். பாதிப் பேர் ஒலியை மெல்லக் குறைத்துத் தப்பித்துவிடுகிறார்கள்.

2021-ல் வந்த ஒரு விவகாரம் என்னை மறுபடி அந்த விடுதி அறைக்கே கொண்டுபோனது. சூப்பர் நிண்டெண்டோவின் ஒலிப்பகுதிக்கு மொத்த நினைவகம் 64 கிலோபைட். வாத்தியத் துணுக்குகளில் 32 பைட் இருந்தால் அதை 9 பைட்டாக நசுக்குவார்கள். எதிரொலி வேண்டுமென்றால் அதற்கும் அதே 64-லிருந்துதான், அதிகபட்சமாக 30 கிலோபைட் வரை போய்விடும். நிண்டெண்டோவிலிருந்து கசிந்த கோப்புகளில் அந்தத் துணுக்குகளின் பெயர்கள் கிடைத்தன. ரசிகர்கள் அவை எந்தக் கீபோர்டிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்து, நசுக்காத ஒலிகளோடு 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' இசையைத் திரும்பக் கட்டினார்கள். மீட்டெடுத்த மூலம் என்றார்கள். அசுர உழைப்பு. கேட்டேன். ஹோட்டல் லிஃப்டில் வருகிற இசை மாதிரி பளபளவென்று இருந்தது. நம்மூர்க் கோயில் தூண்களில் ஒரு காலத்தில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு உளித்தடமும் போய்விடும். கோண்டோவின் காதில் கடைசியாக ஒலித்ததும், அவர் சரி என்று அனுப்பியதும் அந்த நசுங்கிய ஒலியைத்தான். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது. நசுங்கிய ஒலிக்காக வக்கீலாக வருகிறவன், இரண்டு பிட் மாறிய சில்லில் வளர்ந்தவன்.

ஜப்பானியர்கள் இந்தக் கவலையே இல்லாமல் ஒரு காரியம் செய்தார்கள். 'மெகா மேன் 2'-ல் டாக்டர் வைலி கோட்டையின் இசைக்கு 2007 வாக்கில் நிகோநிகோ தளத்தில் ஒரு ரசிகர் வரிகள் எழுதினார். சிறுவயதில் அல்ட்ராமேன் விளையாடியதை வளர்ந்தபின் நினைத்துப் பார்க்கிற வரிகள். விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த மெட்டுக்குள் ஒரு ஏக்கம் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தது, வரி வந்தபிறகுதான் எல்லோருக்கும் கேட்டது. எந்த ஸ்டாப்வாட்சும் இதைப் பிடிக்காது.

இப்போது எல்லாம் பெரிய இடத்துக்குப் போய்விட்டது. 2022-ல் 'கிர்பி' விளையாட்டின் ஒரு மெட்டுக்கு 8-பிட் பிக் பேண்ட் செய்த ஜாஸ் வடிவம் கிராமி வாங்கியது. 2023-ல் மாரியோ இசை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பதிவேட்டில் ஏறியது, கேம் இசையில் அதுவே முதல். பதிவேட்டில் இருப்பது எங்கள் வீட்டுப் பதிப்பு இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். அடாப்டர் செத்துவிட்டது. சில எமுலேட்டர்களில் நகல் கருவிகளின் வேகத்தில் ஓட்ட ஓர் அமைப்பு இருக்கிறது. அதை வைத்து மடிக்கணினியில் மாரியோவை ஓட்டி, கூடவே அக்கா மகளின் சின்ன கேசியோவில் மெட்டை வாசித்துப் பார்த்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு, அறைத்தோழன் சொன்னதைச் செய்தேன். இரண்டு இடத்தில் விரல் தடுக்கியது. அப்படியே இணையத்தில் போட்டேன்.

மறுநாள் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் மூலம் இவ்வளவு மெதுவாக இருக்காதே?

எங்கள் நாட்டில் டிவி ஐம்பது ஹெர்ட்ஸ் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.