பாட்டு வந்த பாதை – 14: பகலில் ஸ்டூடியோ, இரவில் ஹோட்டல்

பேசும்படம் வந்த புதிதில் பம்பாய்ப் பாட்டுகளுக்குப் பின்னால் ஹார்மோனியமும் தபலாவும் சாரங்கியும்தான் பெரும்பாலும் ஒலித்தன என்று சென்ற வாரம் பார்த்தோம். இருபது ஆண்டுகளுக்குள் அங்கே ட்ரம்பெட், சாக்ஸபோன், கிளாரினெட், வரிசை வரிசையாக வயலின் என்று ஒரு படையே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் படையில் பலர் பயிற்சி பெற்ற களம் சினிமா அல்ல, ஹோட்டல்களின் நடன அரங்கு.

தாஜில் ஒரு புதுச் சத்தம்

பம்பாயில் வெள்ளைக்காரர்களும் பார்சிச் சீமான்களும் சமஸ்தான ராஜாக்களும் ஆடுவதற்கு கென் மேக் போன்றவர்களின் பேண்டுகள் முன்பே இருந்தன. 1935-ல் லியோன் ஆபி என்ற அமெரிக்க வயலின் கலைஞர், கறுப்பின இசைஞர்களைக் கொண்ட தன் குழுவோடு தாஜ் மஹால் ஹோட்டலுக்கு வந்தார். அவருக்குப் பின் ட்ரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், அவரையடுத்து பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட். சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் வாசித்துவிட்டு ஷாங்காய் வழியாக வந்தவர் வெதர்ஃபோர்ட். பதிவுத்தட்டில் கேட்ட ஜாஸை உள்ளூர்க்காரர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். அந்தக் குழுக்களில் சேர்ந்து வாசிக்கவும் செய்தார்கள்.

மாதாகோவில் பள்ளிக்கூடம்

அப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். காரணம் எளிது. போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த கோவாவில், தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கவும் வயலின் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பூசைக்குப் பாட ஆள் வேண்டுமே! ஊரில் பிழைப்பில்லாமல் பம்பாய்க்குக் கப்பலேறியவர்கள் தோபி தலாவ் பக்கம், தத்தம் கிராமத்தார் நடத்திய ‘குட்’ என்னும் விடுதிகளில் தங்கினார்கள். காகிதத்தில் எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமைதான் அவர்களுடைய முதல்.

அல்தோனா கிராமத்து அந்தோனியோ சேவியர் வாஸ் இப்படி வந்தவர்தான். ‘சிக் சாக்லெட்’ என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்து, ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று பெயரெடுத்தார். கராச்சியிலிருந்து வந்த மிக்கி கோரியா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாஜில் பேண்டு நடத்தினார். அவரிடம் வாசித்துத் தேறியவர்கள் பலர்.

மதுவிலக்கு

1947-ல் ஆங்கிலேயர்கள் கிளம்பினார்கள். 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடியில்லாத ஹோட்டலுக்கு எத்தனை பேண்டு கட்டுபடியாகும்? இரவு வேலை சுருங்கியது. சர்ச்கேட் பக்கத்து உணவகங்களில் வாசிப்பு தொடர்ந்தாலும், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமமாயிற்று. அந்த நேரத்தில் கைகொடுத்தது சினிமா.

இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்டுவார். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே என்ன ஒலிக்க வேண்டும், வயலின்கள் எங்கே எழும்ப வேண்டும், ட்ரம்பெட் எங்கே குறுக்கிட வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிப் பிரித்துக் கொடுப்பவர் ‘அரேஞ்சர்’. அந்த வேலையில் கோவாக்காரர்கள் நிறைந்தார்கள். லாகூர் ஹோட்டலில் பேண்டு நடத்திவிட்டு, பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்த செபாஸ்டியன் டிசோசா, சங்கர்-ஜெய்கிஷனின் பிரம்மாண்டமான வாத்தியக் கோவைகளை எழுதினார். ட்ரம்பெட் கலைஞர் பிராங்க் பெர்னாண்ட் அரேஞ்சராக உழைத்ததோடு நிற்காமல் கொங்கணிப் படங்களும் எடுத்தார். ஜாஸ் டிரம்ஸ் வாசித்த பார்சிக்காரர் கவாஸ் லார்ட் தாளக் கருவிகளோடு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். அவருடைய மகன்கள் கெர்சியும் பர்ஜோரும் அங்கேயே புகழ்பெற்றார்கள்.

1951-ல் வந்த ‘அல்பேலா’ படத்தில் சி. ராமச்சந்திராவின் பாட்டொன்றுக்கு சிக் சாக்லெட்டும் அவருடைய குழுவும் திரையிலேயே தோன்றி வாசிக்கிறார்கள். அது அபூர்வம். மற்றபடி பெரும்பாலோர் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. அரேஞ்சருக்கே பெயர் போட்டால் ‘உதவி’ என்றுதான் போடுவார்கள்.

கொடுத்த விலை

ஜாஸ் பம்பாயில் அழிந்துவிட்டது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு அது குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஜாஸின் உயிர், மேடையில் அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கும் சுதந்திரம். கச்சேரியில் மனோதர்மம் என்று நாம் சொல்வதற்கு அது பக்கத்து உறவு. சினிமாவிலோ இத்தனை அட்சரத்துக்குள் இதை வாசி என்று தாள் சொல்லிவிடும். பகலில் தாளைப் பார்த்து வாசித்தவர்கள், தங்கள் இஷ்டத்துக்கு வாசிக்க இரவு ஹோட்டல் மேடைக்குப் போனார்கள்.

இந்த இரட்டை வாழ்க்கையிலிருந்து வேறு வழி தேடியவர் மஜோர்டா கிராமத்து அந்தோனி கொன்சால்வஸ். வயலின் வித்வான், பியாரேலாலுக்கு ஆசிரியர். 1958-ல் தானே ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் திரட்டி, ராகங்களை ஆதாரமாகக் கொண்ட சிம்பொனிகளைப் பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் மேடையேற்றினார். அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1977-ல் ‘அமர் அக்பர் அந்தோனி’ படத்துக்காக லட்சுமிகாந்த்-பியாரேலால் அமைத்த பாட்டில் அவர் பெயர் வந்தது. குருவுக்குச் சீடர் செலுத்திய மரியாதை. அமிதாப் பச்சன் அதைச் சொல்லி ஆடியபோது, அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறார் என்பது ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

அடுத்த வாரம், டெடி வெதர்ஃபோர்ட் போன வழியே கல்கத்தாவுக்குப் போவோம். பார்க் தெருவுக்குத் தனிக் கதை இருக்கிறது.

(தொடரும்)