ஜூலை 1863: சார்ஜெண்ட் சிம்மன்ஸின் குடும்பம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் லிங்கனும் அடிமைமுறையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வடபுலப் படையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர் என்பதை அதிகம் பேசுவதில்லை. ஜெர்மானியர்கள் சுமார் 2 லட்சம், அயர்லாந்துக்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம். கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர். அவர்களைப் பெருமளவில் சேர்க்கத் தொடங்கியதே 1863இல்தான்.

அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஏழைகள். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடெரிக்ஸ்பர்கில், தொப்பியில் பச்சைத் தழை செருகிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். சுமார் 1,200 பேரில் 545 பேர் மாண்டோ காயமுற்றோ போனார்கள். மேட்டின் கல்சுவருக்குப் பின்னால் நின்று அவர்களைச் சுட்ட தென்புலப் படையிலும் அயர்லாந்துக்காரர்கள் இருந்தார்கள்!

அடுத்த மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு உண்டு. கூலிக்காரனுக்கு அது கிட்டத்தட்ட ஓராண்டு வருமானம். ஏற்கெனவே அடிமைகள் விடுதலை அறிவிக்கப்பட்டிருந்தது. விடுதலையானவர்கள் வந்து துறைமுக வேலையைப் பறிப்பார்கள் என்ற பயத்தை அரசியல்வாதிகள் ஊதிவிட்டார்கள். ஜூலை 13 அன்று நியூயார்க் வெடித்தது. பணக்காரர்மேல் எழுந்த கோபம் கறுப்பினத்தவர்மேல் இறங்கியது. அவர்களின் அனாதை இல்லத்தையே கும்பல் கொளுத்தியது. குழந்தைகள் எப்படியோ தப்பினார்கள். கலகக்காரர்களில் அயர்லாந்துக்காரர்களே அதிகம். அவர்களை அடக்கிய காவலர்களிலும் பலர் அயர்லாந்துக்காரர்கள்தான், இதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கும்பல் அடித்துக் கொன்றது. அவனுடைய மாமா ராபர்ட் சிம்மன்ஸ், பெர்முடாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவில் சார்ஜெண்ட். ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டைமீது அந்தப் பிரிவு பாய்ந்தது. சுமார் 600 பேரில் ஏறக்குறைய பாதிப்பேரை இழந்தது. சிம்மன்ஸ் காயமுற்றுப் பிடிபட்டார், கையை வெட்டி எடுத்தார்கள், ஆகஸ்டில் இறந்தார்.

அந்தப் படைப்பிரிவின் சம்பளக் கதையையும் கேளுங்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பினத்தவருக்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். 54ஆம் பிரிவினர் அதைக் கையால் தொட மறுத்தார்கள். மீதியைத் தானே தருவதாக மாநில அரசு சொன்னபோதும் வாங்கவில்லை. குடும்பங்கள் பட்டினி கிடக்க, சம்பளமின்றியே போரிட்டார்கள்.

1864 ஜூனில் நாடாளுமன்றம் இறங்கிவந்தது. ஆனால் முன்தேதியிட்ட முழு நிலுவை, 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்கு மட்டும். அதற்குச் சத்தியம் செய்ய வேண்டும். தப்பிவந்த அடிமைகள் என்ன செய்வார்கள்? அவர்களின் கர்னல் ஹாலோவெல், அந்தத் தேதியில் தன் உழைப்பைக் கூலியின்றிக் கேட்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை என்று ஒரு சத்திய வாசகம் எழுதிக் கொடுத்தார். அடிமையாகப் பிறந்தவர்களும் தயங்காமல் கை உயர்த்திச் சொன்னார்கள்.