'ரஹ்மான் முன்ன மாதிரி இல்ல': 30 வருஷமா ஒரே புகார்... உண்மையில் மாறியது எது?

பொங்கல் லீவுக்கு வெண்ணந்தூர் போயிருந்தேன். நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் பக்கம். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே எங்க சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் இருக்கு. டேப் ரெக்கார்டர் ரிப்பேராகி வருஷக்கணக்கு ஆச்சு. கேசட்டைத் தூக்கிப் போட மட்டும் அவருக்கு மனசு வரல.

பேச்சு எப்படியோ பாட்டுப் பக்கம் திரும்புச்சு. "ரஹ்மான் முன்ன மாதிரி இல்ல கண்ணு. 'காதலன்' மாதிரி இப்ப ஒண்ணு போடச் சொல்லு பாக்கலாம்" என்றார். "புதுப் பாட்டெல்லாம் எத்தன தடவ கேட்டீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். "ஒருதடவ கேட்டேன், போதும்னு ஆயிருச்சு."

விஷயம் அந்த 'ஒருதடவ'யில் இருக்கு. பிடித்த இசைக்கலைஞரின் சவுண்டு மாறும்போது ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுறாங்க? மாறுவது அவரா, தொழில்நுட்பமா, நம்ம காதா? கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் மூணுமேதான்.

எந்த 'முன்ன'?

'ரோஜா' வெளியானது 1992 ஆகஸ்ட் 15. (நான் பிறக்கவே இல்லை.) முதல் படத்துக்கே ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருஷம் 'திருடா திருடா'வில், கருவிகளே இல்லாமல் மனிதக் குரல்களை மட்டும் வைத்து 'ராசாத்தி' பாட்டைப் போட்டார். அதே 1993-ல் பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' வந்தது. சிட்டி சவுண்டுக்காரர், கிராமத்துப் படத்துக்கு என்ன செய்வார் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அதுவே பதில். 1994-ல் 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், அதே வருஷம் 'காதலன்'.

இதெல்லாம் ஏறத்தாழ இரண்டே வருஷத்தில் நடந்தது. சித்தப்பா கேட்கும் 'முன்ன மாதிரி' ரஹ்மான், அந்த 'முன்ன'யிலேயே படத்துக்குப் படம் வேறு ஆளாகத்தான் இருந்திருக்கிறார்.

இன்னொரு கதையும் இருக்கு. 'ரோஜா' வந்தப்போ "இது கம்ப்யூட்டர் மியூசிக், உயிரே இல்லை" என்று சொன்னவர்கள் இளையராஜா ரசிகர்கள். ஆனால் அந்த ராஜாவே 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் எலக்ட்ரானிக் சவுண்டை வைத்து விளையாடியவர். அவர் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் ரஹ்மான். 90-களில் ரஹ்மானுக்காகச் சண்டை போட்ட தலைமுறை, 2011-ல் 'கொலவெறி' வந்ததும் அனிருத்தைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டது. புகார் ஒண்ணுதான். சொல்றவங்க மட்டும் மாறிக்கிட்டே இருக்காங்க.

பாட்டு தயாராகும் விதமே மாறிடுச்சு

ராஜா காலத்தில் பெரும்பாலும் வயலின்காரர்கள், தபலா, கிட்டார், பாடகர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவில் இருப்பார்கள். யாராவது ஒருத்தர் தப்பு செய்தால் மறுபடியும் முதலில் இருந்து. அதனால் கருவிகளுக்குள் ஒரு உரையாடல் நடக்கும், அது கேட்கிறவருக்கும் தெரியும்.

ரஹ்மான் தன் வீட்டோடு ஒட்டிய ஸ்டூடியோவில் வேறு வழியைப் பிடித்தார். ஒவ்வொரு ஒலியும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். பாடகர் ஒரு வரியைப் பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். எதை வைப்பது, எதை எடுப்பது என்பதெல்லாம் அப்புறம்தான் முடிவாகும். நெசவாளர் ஊரில் புரிகிற மாதிரி சொன்னால், பாவு ஓடியபின் ஊடையை ஒவ்வொன்றாகக் கோர்க்கிற வேலை. இப்படி அடுக்கடுக்காகக் கட்டின பாட்டில், முதல் தடவை மேல் அடுக்கு மட்டும்தான் காதில் விழும். கீழே ஓடும் பேஸ், பின்னால் வரும் கோரஸ், ஓரத்தில் வந்துபோகும் ஒரு சின்ன மணிச்சத்தம் எல்லாம் மூணாவது, நாலாவது தடவையில்தான் தெரிய வரும்.

இதுக்கு ரசிகர்கள் வைத்த பேர்தான் 'ஸ்லோ பாய்சன்'.

ஸ்லோ பாய்சன்: அறிவியல் என்ன சொல்லுது?

1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து மாதிரியான குறிகள், முகம் தெரியாதவர்களின் போட்டோக்கள் போன்றவற்றை ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். எதை அதிக தடவை பார்த்தார்களோ, அதையே அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை, பழகியதுதான் காரணம். இசைக்கும் இது பெருமளவு பொருந்தும். ஆனால் ஒரு கண்டிஷன் இருக்கு: முதல் தடவையே அடியோடு வெறுத்த பாட்டைத் திரும்பக் கேட்டால் எரிச்சல் கூடவும் வாய்ப்புண்டு. "பத்து தடவை கேளு, பிடிக்கும்" என்று எல்லாப் பாட்டுக்கும் சத்தியம் பண்ண முடியாது.

சரி, 90-களில் திரும்பத் திரும்பக் கேட்டது எப்படி? பெரிய ரசனை என்றெல்லாம் இல்லை, வேற வழி இல்லாமல்தான். காசு கொடுத்து கேசட் வாங்கியாச்சு. ஏ சைடில் மூணு பாட்டு, பி சைடில் மூணு பாட்டு. பிடிக்காத பாட்டைத் தாண்டணும்னா பட்டனை அழுத்திப் பிடித்து, குத்துமதிப்பாக நிறுத்தணும். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுத்தணும். அதுக்கு அந்தப் பாட்டைக் கேட்டே தொலைக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படி 'தொலைக்கலாம்' என்று கேட்ட பாட்டுகள்தான் பின்னாடி உயிராகிப் போன பாட்டுகள். சித்தப்பாவின் ஃபேவரைட் லிஸ்ட்டிலேயே இப்படி இரண்டு இருக்குனு அவரே ஒத்துக்கிட்டார்.

இப்போ ஸ்கிப் பண்ண கட்டைவிரல் அசைந்தால் போதும். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதில் ஒரு பாட்டு 'ஒருமுறை கேட்கப்பட்டது' என்று கணக்காக 30 விநாடி ஓடணும். 40 விநாடி முன்னிசைக்குப் பிறகு மெதுவாகக் குரல் நுழையும் பாட்டு என்ன ஆகும்? குரல் வரும் முன்னாலேயே ரசிகர் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார். ரீல்ஸில் ஒட்டுவதற்கு ஒரு வரி வேணும், அதுவும் பாட்டின் ஆரம்பத்திலேயே வேணும். இப்படி வரும் பாட்டுகளைக் கேட்டுட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொள்வதும் நாமதான்.

எதில் கேட்கிறோம் என்பதும் சேர்த்தி. போனின் குட்டி ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. தறிக்கொட்டகையில் இன்னும் மோசம். தறி ஓடும் சத்தத்துக்கு மேலே எழுந்து வருவது குரலும் அடியும்தான், மெல்லிய புல்லாங்குழல் அங்கேயே அமுங்கிவிடும். அங்கே நின்று கேட்ட சித்தப்பாவுக்கு ஒரு பாட்டு வெறுமையாகத் தெரிந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

23 வயசு பாட்டு

1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பல வயதுக்காரர்களிடம் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னார்கள். தாங்கள் சுமார் 23, 24 வயதில் இருந்தபோது வந்த பாடல்களுக்குத்தான் ஆட்கள் அதிக மார்க் போட்டார்கள். அது அமெரிக்காவில் நடந்த சின்ன ஆய்வு. எண்ணை அப்படியே நம்ம ஊருக்குத் தூக்கிட்டு வர வேண்டாம், ஆனால் போக்கு தெரிந்ததுதான். முதல் வேலை, முதல் காதல், முதல் சம்பளத்தில் வாங்கின டேப் ரெக்கார்டர். அந்தப் பாட்டோடு சேர்ந்து அந்த வயசும் பதிவாகிடுது. 'காதலன்' மாதிரி வேணும்னு சித்தப்பா கேட்கும்போது, அவருக்கு மீசை கறுப்பாக இருந்த 1994-ஐயும் சேர்த்துக் கேட்கிறார். அதை எந்த மியூசிக் டைரக்டரும் போட்டுத் தர முடியாது.

ராஜாவுக்கும் நடந்தது

2012-ல் கௌதம் மேனனின் 'நீதானே என் பொன்வசந்தம்' பாட்டுகள் வந்தப்போ ராஜா ரசிகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். எட்டுப் பாட்டு. புதுக் குரல்கள், வெஸ்டர்ன் ஆர்கெஸ்ட்ரா, நம்ம பழக்கப்பட்ட தபலா குறைவு. "இது ராஜா இல்லை" என்று ஒரு தரப்பு. "இந்த வயசிலும் எவ்ளோ புதுசா பண்றார்" என்று இன்னொரு தரப்பு. 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தப்போ இந்தச் சண்டை பெரிதாக இல்லை. காரணம் எளிது: சிம்பொனி என்று முதலிலேயே சொல்லிட்டாங்க. சினிமாப் பாட்டு என்று எதிர்பார்த்து யாரும் போகலை. ஏமாற்றம் பெரும்பாலும் எதிர்பார்ப்பில் இருந்துதான் வருது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் 2017 ஜூலை, லண்டன் வெம்பிளி. ரஹ்மான் கச்சேரியின் பேரே 'நேற்று இன்று நாளை'. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று சொல்லி, இந்திப் பாட்டுக்காக வந்த சில பேர் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அங்கே சவுண்டு மாறலை. 'என் ரஹ்மான்' என்று ஆளாளுக்கு ஒரு ரஹ்மானை வைத்திருக்கிறார்கள், அது மோதிக்கொண்டது.

ஜப்பானிலும் இதே சண்டை

பேபிமெட்டல் பற்றித் தெரியாதவர்களுக்கு: 2010-ல் ஜப்பானில் தொடங்கிய குழு. மூன்று சிறுமிகள் பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி ஆடிப் பாட, பின்னால் இடி மாதிரி ஹெவி மெட்டல் கிட்டார். 2014-ல் 'கிம்மி சாக்லேட்' வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. "இது மெட்டலே இல்லை" என்று மெட்டல் ரசிகர்கள் முதலில் கோபப்பட்டார்கள். அப்புறம் அவர்களில் பலரே தீவிர ரசிகர்களானார்கள்.

2018-ல் மூவரில் ஒருவரான யுய்மெட்டல் விலகினார். 2019-ல் வந்த 'மெட்டல் கேலக்ஸி' ஆல்பத்தில் நடன இசை, லத்தீன் தாளம் எல்லாம் கலந்தது. 'சாந்தி சாந்தி சாந்தி' என்று இந்திய சாயலில் ஒரு பாட்டுகூட உண்டு. 2023-ல் புது உறுப்பினர். 2025-ல் வந்த 'மெட்டல் ஃபோர்த்' ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து செய்தவை. டெல்லியின் பிளடிவுட் குழுவோடு ஒரு பாட்டு இருக்கு. சிறுமிகள் வளர்ந்து பெண்களாகிட்டாங்க. ஆனாலும் 2014-ன் அந்தச் சாக்லேட் குரல் திரும்ப வராதா என்று ஏங்குகிற ரசிகர்கள் இருக்காங்க. நம்ம சித்தப்பா மாதிரியே. அந்த 2025 ஆல்பம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 9-ம் இடம் பிடித்தது. முழுக்க ஜப்பானியர்கள் கொண்ட ஒரு குழு அங்கே முதல் பத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை. பழைய ரசிகரைத் திருப்திப்படுத்தவே அதே சவுண்டில் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்போ ரசிகர் சொல்றது எல்லாம் தப்பா?

இல்லவே இல்லை. 2008-ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் வந்தப்போ, "பாட்டு நல்லாருக்கு, ஆனா சத்தத்தை ஏத்தி ஏத்தி ஒலியைக் கெடுத்துட்டீங்க" என்று ரசிகர்கள் மனு போட்டார்கள். அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் தெளிவாகக் கேட்டதை ஆதாரமாகக் காட்டினார்கள். இது பழைய நினைப்பில் வந்த புகார் இல்லை. காதால் கேட்டு, ஒப்பிட்டுச் சொன்ன புகார்.

ரஹ்மான் மேலும் அப்படி நியாயமான புகார்கள் உண்டு. தமிழ் இலக்கியம் படிச்ச எனக்கே ஒண்ணு இருக்கு: சில பாட்டுகளில் வார்த்தை புரிவதில்லை. ள-வும் ழ-வும் ல-வாகி, மிச்சமிருக்கும் வரியும் இசைக்கு அடியில் மூழ்கிடும். பத்து தடவை கேட்டாலும் இது சரியாகாது. சில ஆல்பங்களில் பாட்டே சுமார்தான், அதையும் 'ஸ்லோ பாய்சன்' என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஆனால் "முன்ன மாதிரி இல்லை" என்பது இந்த வகைப் புகார் இல்லை. அதில் எது பிடிக்கலை என்கிற விவரமே இல்லை.

கடைசி நாள் சித்தப்பாவிடம் என் ஹெட்செட்டைக் கொடுத்து, 2022-ல் வந்த 'வெந்து தணிந்தது காடு' படத்தின் 'மல்லிப்பூ' பாட்டைப் போட்டேன். யார் இசை என்று சொல்லலை. பாதியில் கண்ணை மூடிக்கிட்டார். முடிந்ததும், "இது ராஜா காலத்து வாட்டம் இருக்கே, யாரு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "சரி, இன்னொருக்கா போடு" என்றார்.